பார்க்காத பொருளுக்கு விலை சொன்ன காலம்

இணைய ஏலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு லேசர் பாயின்டரில்தான் தொடங்குகிறார்கள். 1995 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பியர் ஓமிட்யார் என்ற கணினி நிரலாளர் தன் சொந்த இணையப் பக்கத்தில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்று ஓர் ஏலப் பிரிவைத் திறந்தார். பின்னாளில் ஈபே என்று பெயர் மாறிய அந்தத் தளத்தில் முதலில் விலைபோனது வேலை செய்யாத ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். அது பழுதான பொருள் என்பது தெரிந்துதானே கேட்டீர்கள் என்று ஓமிட்யார் எழுதி விசாரிக்க, பழுதான லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பதுதான் என் பழக்கம் என்று எடுத்தவர் பதில் போட்டாராம். இதைவிட இனிப்பான இன்னொரு கதையும் உண்டு. தனக்கு நிச்சயமான பெண் சேர்த்துவந்த பெஸ் மிட்டாய் டப்பாக்களை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள வழி செய்யவே ஓமிட்யார் இந்தத் தளத்தைக் கட்டினார் என்பது அது. பத்திரிகைக்காரர்களைக் கவர நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பிரிவு 1997இல் புனைந்த கதை அது என்று பிறகு வெளியே வந்தது. காதலும் மிட்டாயும் கலந்த கதை பரவியதில் வியப்பில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது லேசர் பாயின்டர் கதைதான். விற்றவர் குறையை மறைக்கவில்லை. விலை படிந்த பிறகும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். எதை வாங்குகிறோம் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தளத்திலும் அதைப் பார்த்து எழுந்த தளங்களிலும் பிறகு நாங்கள் பட்ட எரிச்சலெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்தது.

இந்தியாவுக்கு இணைய ஏல ஆசை 2000ஆம் ஆண்டில் பாஸி டாட் காம் வழியாக வந்து சேர்ந்தது. அவ்னிஷ் பஜாஜும் சுவீர் சுஜனும் தொடங்கிய அந்தத் தளத்தை 2004இல் ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கிக்கொண்டது. பிறகு அது ஈபே இந்தியா ஆயிற்று. அந்த வருடங்களை நினைத்தால் முதலில் வருவது பிரவுசிங் சென்டர்களின் பிளைவுட் தடுப்புகளும், ஒரு புகைப்படம் மேலிருந்து கீழாக இழை இழையாக இறங்கிவரும் வேகமும்தான். நோக்கியா கைபேசி, பென் டிரைவ், சோவியத் கேமரா, ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த காலணா, வரிசை எண்ணில் 786 வரும் ரூபாய் நோட்டு, அஞ்சல்தலை ஒட்டிய முதல்நாள் உறை என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. மும்பையின் சோர் பஜாருக்குப் போக வழியில்லாத சிற்றூர்ச் சேகரிப்பாளனுக்கு அது பெரிய விஷயம். நானும் அந்தத் தளங்களில் வாங்கியும் விற்றும் பழகியவன். என் நஷ்டக் கணக்கை இங்கே விரிக்கப்போவதில்லை. அந்தக் காலத்தில் ஏலம் கேட்ட யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் கிடைக்கும். இத்தனை பேருக்கும் ஒரே குறை என்றால், ஊரில் நாலு அயோக்கியர்கள் இருக்கத்தான் செய்வார்கள் என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. பொருளைப் பார்க்காமல் விலை சொல்லும்போது ஒரு சந்தேகம் கூடவே பிறக்கிறது. அதை யார் சுமப்பது? ஏலத் தளங்கள் வியாபாரத்துக்கு வியாபாரம் கமிஷன் வாங்கிக்கொண்டன. நாங்கள் இடம் கொடுத்தவர்கள் மட்டுமே என்றும் ஒதுங்கிக்கொண்டன. சந்தேகத்தைத் தீர்க்கும் வேலை, கூலியில்லாத வேலையாக, வாங்குபவர் தலையிலும் விற்பவர் தலையிலும் மாறிமாறி விழுந்தது. எங்கள் எரிச்சல் முழுக்க அங்கிருந்துதான் கிளம்பியது என்பது என் கட்சி.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை கடைசி நொடியைப் பற்றியது. ஏழு நாள் ஓடும் ஏலத்தில் ஆறே முக்கால் நாள் முன்னணியில் இருந்துவிட்டு, மணி முடிய மூன்று வினாடி இருக்கையில் யாரோ ஒருவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு போய்விடுவார். இதற்குத் தளத்தின் பக்கம் நியாயம் பேசுகிறவர்களிடம் ஒரு தயார் பதில் உண்டு: நீங்கள் கொடுக்கத் தயாரான உச்ச விலையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாமே, உங்களுக்காகத் தளமே இரண்டாவது ஆளின் விலைக்குச் சற்று மேலே மட்டும் கேட்டுக்கொண்டிருக்குமே. பதில் புத்திசாலித்தனமானதுதான். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு வம்சமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1893லேயே அஞ்சல்தலை வியாபாரிகள் தபாலில் வந்த விலைகளைப் பிரித்துப் பார்த்து, அதிகம் சொன்னவருக்கு அடுத்தவர் சொன்ன விலையை ஒட்டிக் கொடுக்கும் முறையை நடத்தியிருக்கிறார்கள். அதன் தர்க்கத்தை 1961இல் ஒரு கட்டுரையில் விளக்கிய வில்லியம் விக்ரிக்கு 1996இல் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். இரண்டாம் விலைதான் கொடுக்கப்போகிறோம் என்றால் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்வதே லாபம் என்பது அவர் காட்டியது.

ஆனால் விக்ரியின் தர்க்கத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பொருள் எனக்கு எவ்வளவு பெறும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். புதுக் கணினிக்கு இது சரி. பழைய காசுக்கு, பழைய ஓவியத்துக்கு, யாரோ வைத்திருந்த கடிகாரத்துக்கு அது தெரியாது. இன்னொருவர், அதிலும் விஷயம் தெரிந்த ஒருவர், கேட்கும் விலையைப் பார்த்துத்தான் நம் மதிப்பே உருவாகிறது. ஆல்வின் ரோத்தும் ஆக்ஸெல் ஓகன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக் காட்டியது. ஈபேயில் முடிவு நேரம் கறாரானது. அமேசான் 1999இல் தொடங்கிய ஏலத்திலோ கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் நீளும். பத்து நிமிடம் யாரும் கேட்காமல் கடந்தால்தான் ஏலம் முடியும். கடைசி நொடிக் கேட்பு ஈபேயில்தான் மிகுதி, அதிலும் கணினிகளைவிடத் தொல்பொருள்களில் மிகுதி. ஈபேயில் அனுபவசாலிகள் மேலும் தாமதமாகக் கேட்டார்கள். விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே வாய் திறந்தால் தெரியாதவர் அவர் பின்னால் வந்து விலையைக் கெடுத்துவிடுவார். அதனால் அவர் பேசாமல் இருக்கிறார். ஆக ஆறே முக்கால் நாள் ஓடியது ஏலமே அல்ல. சாதாரணமாக ஏலத்தில் சுற்றியிருக்கும் முகங்களிலிருந்தும் கேட்கும் விலைகளிலிருந்தும் கிடைக்கிற அறிவு, அங்கே திட்டமிட்டு மறைக்கப்பட்டது. இன்னொன்றும் கவனிக்கத் தகுந்தது: நேரத்தை நீட்டிய அமேசான் ஏலம் தோற்றது, கறாராக முடித்த ஈபே ஜெயித்தது. விதியின் நியாயத்தைப் பார்த்து யாரும் தளத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாங்குகிறவர்கள் எங்கே கூடியிருந்தார்களோ அங்கே விற்கிறவர்கள் போனார்கள், விற்கிறவர்கள் இருந்த இடத்துக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் தளத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அவசரம் குறைந்துவிடுகிறது.

ஜெயித்தவர் நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் பிடித்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் காணவில்லை என்று ஆராய்ந்தார்கள். கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மதிப்பு. அதில் மிக அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர்தான் ஏலத்தில் ஜெயிக்கிறார். பழைய கேமராவின் படத்தைப் பார்த்து ஏலம் கேட்பவரின் நிலையும் அதுவே. லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா, ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடுகிறதா என்பது படத்தில் தெரியாது. இருபது பேர் ஊகிக்கிறார்கள். மிக நம்பிக்கையாக ஊகித்தவருக்குப் பார்சல் வருகிறது.

இதற்கு மேல், போட்டிக்கு நிற்பவர்கள் நிஜமானவர்களா என்ற கேள்வி. 2000 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவைச் சேர்ந்த கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர் ஓர் அரூப ஓவியத்தை 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்துக்கு விட்டார். வீட்டில் கிடந்த பழைய ஓவியம், எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்ற தொனியில் விவரணை. மூலையில் ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் பெயர் முதலெழுத்துகளை ஊகிக்க இடம் தரும் ஒரு குறி. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் போட்டி போட்டு 1,35,805 டாலர் வரை ஏற்றினார்கள். பிறகுதான், வால்டனும் கூட்டாளிகளும் பல கணக்குகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஏலத்தில் மற்றவர் விலை ஏற்றிவந்தது தெரிந்தது. விற்பனை ரத்தானது, அவர் 2001இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பின்னர் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இதில் எனக்கு ஆச்சரியம் தருவது மோசடியின் அளவு அல்ல, அதன் இலக்கணம். ஓவியம் டீபென்கார்னுடையது என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை; அறியாதவராக நடித்தார், அவ்வளவுதான். பேராசையில் பாதி வேலையை வாங்க வந்தவர்களே செய்துகொண்டார்கள். சொந்த ஆளை நிறுத்தி விலை ஏற்றுவது ஏலம் தோன்றிய நாளிலிருந்து இருப்பதுதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் கூடம் நிறைந்த ஏலத்தில் அந்த ஆளின் முகம் நாலாவது வாரம் எல்லோருக்கும் பழகிவிடும். இங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், புது முகம் தயார்.

இவ்வளவுக்கும் மருந்தாகச் சொல்லப்பட்டது ரேட்டிங். 1996 தொடக்கத்தில் ஓமிட்யார் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் வாங்கியவர் விற்றவரையும், விற்றவர் வாங்கியவரையும் நல்லவர், பரவாயில்லை, மோசம் என்று மதிப்பிட்டு ஒரு வரி எழுதலாம். இன்று உணவு கொண்டுவரும் இளைஞரிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரையும் நட்சத்திரத்தால் அளக்கும் பழக்கத்துக்கு முக்கியமான முன்னோடி அது. ஏலத் தளங்களைக் குறை சொன்னால் உடனே வரும் எதிர்வாதமும் இதிலிருந்துதான் வரும்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தியாக இருந்தார்களே, நீங்கள் எதற்குப் புலம்புகிறீர்கள்? அந்த எண் பொய்யல்ல. பால் ரெஸ்னிக்கும் ரிச்சர்ட் ஸெக்ஹவுஸரும் ஈபே பதிவுகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்கள் எழுதிய மதிப்பீடுகளில் 99.1 சதவீதம் நல்லவிதமாகவும், 0.6 சதவீதம் மட்டும் மோசமாகவும் இருந்தன. ஆனால் வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் எதையாவது எழுதியிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. மற்றவர்கள் ஏன் எழுதவில்லை? அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்குக் காரணம் தெரியும். நீ எனக்கு மோசம் என்று எழுதினால் நான் உனக்கு மோசம் என்று எழுதுவேன். பத்து வியாபாரம் மட்டுமே செய்த ஒருவருக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தால் பெயர் கெட்டது. ஆயிரம் செய்தவருக்கு அது உறைக்காது. அதனால் முந்நூறு ரூபாய்ப் பொருள் கீறலோடு வந்தால் வாயை மூடிக்கொள்வதே புத்தி. இன்னும் சிலர் கீறலோடு வந்ததற்கும் ‘அருமை, மீண்டும் வாங்குவேன்’ என்று எழுதிவிட்டுப் பதிலுக்கு ஒரு பச்சைப் புள்ளியை வாங்கிக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்பது சதவீதம் என்ற எண்ணில் திருப்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ரேட்டிங்குக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரெஸ்னிக்கும் மற்றவர்களும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய தபால் அட்டைகள் விற்கும், நல்ல பெயரெடுத்த ஒரு வியாபாரி, ஒரே தரத்து அட்டைகளைத் தன் பழைய கணக்கிலும் புதிதாகத் திறந்த கணக்குகளிலும் விற்றார். ஆள் ஒருவரே, பொருள் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. 2006இல் வெளிவந்த இந்த முடிவை நல்ல பெயரின் வெற்றி என்று படிப்பார்கள். அதையே திருப்பிப் படித்தால், நேர்மையான புதியவர் தான் செய்யாத குற்றத்துக்குக் கட்டும் அபராதம் அது. பழைய கார்ச் சந்தையில் நல்ல கார் வைத்திருப்பவருக்கும் ஓட்டைக் காரின் விலைதான் கிடைக்கும், அதனால் நல்ல கார்கள் சந்தையைவிட்டே போய்விடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதியது இதைத்தான். அபராதத்திலிருந்து தப்பக் குறுக்குவழியும் பிறந்தது. ஒரு சென்ட்டுக்கு மின்புத்தகம் என்ற பெயரில், வாங்கினால் நல்ல மதிப்பீடு உறுதி என்று வெளிப்படையாகவே விற்கும் சந்தை ஈபேக்குள் ஓடியதை ஜெனிஃபர் பிரவுனும் ஜான் மார்கனும் அதே 2006இல் எழுதினார்கள். காசுக்குப் பெயர் வாங்கலாம் என்றானபின் அந்தப் பெயரை வைத்து என்னதான் தெரிந்துகொள்வது?

2008 மே மாதத்தில் ஈபே விதியை மாற்றியது: இனி விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு தர முடியாது. பழிவாங்கல் நின்றது, சரி. ஆனால் சந்தேகத்தின் சுமை அப்படியே விற்பவர் பக்கம் சாய்ந்தது. முன்கூட்டியே மோப்பம் பிடித்த விற்பனையாளர்கள் கட்டண மாற்றத்தையும் சேர்த்து எதிர்த்து அந்தப் பிப்ரவரியில் ஒரு வாரம் புறக்கணிப்பு நடத்தினார்கள், பலிக்கவில்லை. விற்பவர்களின் குறைகளைப் பற்றி வாங்குபவர்கள் பேசுவதே இல்லை, ஆகவே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏலத்தில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். கேட்டது தம்பி, பிள்ளை தெரியாமல் அழுத்திவிட்டது என்று சொன்னால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்டாத ஏலத்துக்கான கமிஷனைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பம், காத்திருப்பு. கூட்டம் வராத நாளில் ஏலம் முடிந்தால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பொருள் உடைந்து வந்தது என்று வாங்கியவர் சொன்னால், கட்டியது சரியில்லையா, கூரியர்காரர் தூக்கிப் போட்டதா, பிரித்தபோது உடைந்ததா என்று யார் தீர்ப்பது? இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு விற்றவர்களுக்கு வேறொரு தலைவலி. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி 2011 மார்ச்சிலிருந்து பேபால் வழியாக ஓர் ஏற்றுமதி விற்பனைக்கு 500 டாலருக்கு மேல் பெற முடியாமல் போனது. வந்த பணத்தை ஏழு நாளுக்குள் வங்கிக்கு மாற்றிவிட வேண்டியிருந்தது. அந்தப் பணத்திலேயே வேறு பொருள் வாங்கவும் முடியவில்லை. உச்சவரம்பு பிறகு உயர்ந்தது. ஆனால் விற்ற காசில் இன்னொன்றை வாங்கிச் சேர்ப்பதுதானே சேகரிப்பவரின் உயிர்மூச்சு?

விற்பவர்கள் சாதுக்கள் என்று நினைக்க வேண்டாம். பொருளின் விலையைக் குறைத்து வைத்துத் தபால் செலவை ஏற்றிவிடும் தந்திரம் அவர்களுடையது. டான்ஜிம் ஹொசைனும் ஜான் மார்கனும் இசைத்தட்டுகளையும் வீடியோ விளையாட்டுகளையும் விற்றுச் சோதித்துப் பார்த்தபோது, தொடக்க விலை குறைவு, தபால் செலவு அதிகம் என்று வைத்தால், செலவு அநியாயமாக இல்லாதவரை, கேட்பவர்களும் கூடினார்கள், மொத்த வரவும் கூடியது. கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களே கூட்டிப் பார்க்கவில்லை. இதில் கமிஷனும் மிச்சம், ஏனெனில் தளம் பொருளின் விலைக்கு மட்டுமே வாங்கியது. 2011இல் அமெரிக்காவில் ஈபே தபால் செலவுக்கும் கமிஷன் போட ஆரம்பித்தது. வாங்குபவரை ஏமாற்றியவரை நீண்ட காலம் விட்டுவைத்த தளம், தன் பங்கு குறைந்ததும் ஓட்டையை அடைத்தது என்று நான் இதைப் படிக்கிறேன். கடுமையாகத் தோன்றலாம்.

தளம் என்னதான் செய்திருக்க முடியும் என்பது எல்லா எதிர்வாதங்களிலும் கனமானது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கான பொருள்களை யார் பிரித்துப் பார்ப்பது? இந்தியாவில் இதற்கு ஒரு கசப்பான சாட்சியும் இருக்கிறது. 2004 டிசம்பரில், ஒரு மாணவர் பாஸி தளத்தில் விற்பனைக்கு வைத்த ஆபாச வீடியோவுக்காகத் தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். அதை அவர் வைக்கவில்லை. வைக்கப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. வழக்கு இழுத்து 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. இடையில், 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு திருத்தப்பட்டு, உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் இடைத்தரகருக்குப் பிறர் பதிவேற்றியதற்கான பொறுப்பிலிருந்து விலக்கு கிடைத்தது. அமெரிக்காவில் டிஃபனி நகை நிறுவனம் போலிகள் விற்கப்படுவதாக ஈபேமீது தொடுத்த வழக்கும் 2010இல் மேல்முறையீட்டில் ஏறக்குறைய இதே திசையில் முடிந்தது: குறிப்பிட்ட பொருள் போலி என்று தெரிந்த பிறகு சும்மா இருந்தால்தான் குற்றம். இந்த விலக்கு தேவையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. யாரோ செய்ததற்கு ஒருவரைச் சிறையில் தள்ளுவது நியாயமாகாது. ஆனால் குற்றப்பொறுப்பு வேறு, வியாபாரப் பொறுப்பு வேறு. மேற்கொண்டு கேட்கப்படுவது சிறையல்ல. கமிஷன் வாங்கிய கை, வந்த பொருள் சொன்ன பொருள்தானா என்பதற்கும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும் என்பதே. இது முடியாத காரியமும் அல்ல. ஈபே இந்தியாவே ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டில், வாங்கியவரின் பணத்தை உடனே விற்பவரிடம் கொடுக்காமல் நிறுத்திவைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பின் விடுவித்தது. அதனால் ஏமாற்று கணிசமாகக் குறைந்தது என்றே அந்த நாட்களில் வாங்கியவன் என்ற முறையில் சொல்வேன்.

கணினியில் ஏலம் என்பதே கோளாறு என்று முடிவுகட்டுகிறவர்கள் போடிநாயக்கனூருக்கோ குன்னூருக்கோ போய்ப் பார்க்கலாம். போடியில் ஏலக்காயும் குன்னூரில் தேயிலையும் இன்று மின்னணு ஏலத்தில்தான் விலைபோகின்றன. ஆனால் ஏலக்காயின் மாதிரி வியாபாரியின் கைக்கு வந்து, அவர் நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகே விலை கேட்கப்படுகிறது. தேயிலை மாதிரி முன்கூட்டியே அனுப்பப்பட்டு, சுவைத்துப் பார்க்கப்படுகிறது. கேட்பவர்கள் பதிவு பெற்றவர்கள். ஏலம் நடத்துபவர் வாரியத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். திரையும் பொத்தானும் அங்கேயும் உண்டு. பொருளைப் பற்றிய சந்தேகம் மட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மூட்டை மூட்டையாக வரும் விளைபொருளுக்கு அது சரி, ஒற்றைக் கேமராவுக்கு மாதிரி எங்கே எடுப்பது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஒரே ஒரு பொருள் இருக்கும் இடத்தில்தான் ஏலம் அதிகம் தேவைப்படுகிறது. அங்கேதான் சரிபார்ப்பதும் கடினம். அந்த முரண்பாட்டை இணைய ஏலம் கடைசிவரை தீர்க்கவில்லை. நிபுணர்கள் பார்த்துத் தரச்சான்று கொடுத்து உறைக்குள் அடைத்த காசுகளுக்கும் அஞ்சல்தலைகளுக்கும் மட்டும் அது ஓரளவு தீர்ந்தது. அந்தச் சான்றுக்கும் சேகரிப்பவரேதான் பணம் கட்டினார்.

தீர்க்காததன் விளைவு, பெரும்பாலானவர்கள் ஏலத்தைவிட்டு மெல்ல நகர்ந்துவிட்டார்கள். 2000இல் ஈபே சேர்த்த ‘உடனே வாங்கு’ பொத்தான் வருடத்துக்கு வருடம் ஏலத்தைப் பின்தள்ளியது; நிலையான விலை, திருப்பி அனுப்பும் வசதி, ஒரே நாளில் பார்சல் என்று பழகிய மனம் ஏழு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. இந்தியாவில் 2017இல் ஈபே தன் இந்தியப் பிரிவை ஃபிளிப்கார்ட்டிடம் கொடுத்தது. 2018 ஆகஸ்ட் 14இல் அந்தத் தளம் மூடப்பட்டது. வீட்டில் கிடக்கும் பழையதை விற்க நினைப்பவர்கள் விளம்பரத் தளங்களுக்கும் முகநூல் குழுக்களுக்கும் போனார்கள். அங்கே கமிஷனும் இல்லை, நிறுத்திவைக்கும் பணமும் இல்லை, ரேட்டிங்கும் பெரும்பாலும் இல்லை. ஏலத் தளத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அது கொடுத்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் அப்போதுதான் உணர்ந்தார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்குக்குப் பணம் வரும் என்று விற்பவரையே ஏமாற்றும் தந்திரம் ஊரறிந்தது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் விழுகிறார்கள். பழைய ஒரு ரூபாய் நோட்டுக்கு லட்சம் கிடைக்கும், முதலில் கட்டணமும் வரியும் கட்டு என்று தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 786 நோட்டுக்கு ஏலத்தில் விலை ஏறியதைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கையின் மிச்சம் அது.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், தளங்கள் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்தில் ஏற்பு தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும், விற்பவரின் விவரத்தை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்கின்றன. பாஸி காலத்தில் நாங்கள் கேட்டதில் பாதி அதில் இருக்கிறது. ஆனால் விதிகளின் தொடக்கத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: தொழிலாகவோ தொடர்ச்சியான வியாபாரமாகவோ அல்லாமல், ஒரு தனிமனிதர் தன் சொந்த முறையில் செய்யும் எதற்கும் இவை பொருந்தா. பழைய கேமராவை எப்போதாவது ஒருமுறை விற்கிறவரை மின்வணிக நிறுவனம்போல நடத்த முடியாதுதான். அதனால் பழுதான லேசர் பாயின்டரை விற்ற ஓமிட்யாரும் இன்றைக்கு அந்த விலக்குக்குள்தான் வருவார். குறையைச் சொல்லாமல் அதைத் தலையில் கட்டுகிறவரும் வருவார்.